விடுபட்ட ஒரு வரி

அந்த அம்மா ஓர் எக்ஸ்ரே கவரை என் மேஜையில் வைத்தார். நான் உட்காரச் சொல்வதற்குள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார்.

“ஏனுங்க அம்மிணி, பழைய பேப்பர் வெச்சிருக்கறவங்க கொண்டாங்கன்னு போட்டிருந்தீங்களே, அது இங்கதானுங்களே?”

“இங்கதானுங்க.”

யாருடைய முழங்காலுக்கோ எடுத்த எக்ஸ்ரேயின் கவர் அது. உள்ளே எலும்பு இல்லை, எங்கள் பத்திரிகை இருந்தது. பழுத்த பூவரச இலையின் நிறத்துக்கு வந்துவிட்ட காகிதம். நாப்தலின் உருண்டை வாசனை. மடிப்பு விழுந்த இடங்களில் உள்பக்கமாகச் செல்லோடேப் ஒட்டியிருந்தது. இவ்வளவு பத்திரமாக எங்கள் அலுவலகத்திலேயே யாரும் எங்கள் பத்திரிகையை வைத்துக்கொண்டதில்லை.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “எங்க பழைய இதழ்க் கண்காட்சிக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றேன்.

“கண்காச்சிக்கு இல்லீங்க. இதுல ஒரு தப்பு இருக்குது. திருத்தம் போடோணும்.”

தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியில் நான் பால்வாடியில் இருந்திருப்பேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் செய்த தப்புகளைத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். நியாயப்படி இந்த வாரம் என் முறை. அதனால்தான் அந்த எக்ஸ்ரே கவரில் இருந்து தொடங்குகிறேன்.

தேசியம் வந்த கதை

நான் வேலை பார்த்த நாளிதழின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தலைப்புக்குக் கீழே ‘தேசிய நாளிதழ்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சென்னையில் ஒரு சந்துக்குள் நாலு பக்கத் தாளாகத் தொடங்கியபோது அந்த வார்த்தை கிடையாது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் ஏதோ ஒரு நாள் செய்தி குறைந்து, தலைப்புக்கடியில் இடம் காலியாகக் கிடந்ததாம். அச்சுக் கோப்பவர் ஒருவர் ‘தேசிய’ என்று கோத்து அந்த இடத்தை அடைத்தாராம். ஆசிரியருக்குப் பிடித்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. இது எங்கள் அலுவலகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை.

பத்திரிகையின் உடம்பு எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முதல் பக்கம் முகம். அதற்குத்தான் எல்லா அலங்காரமும். நடுவில் தலையங்கம். யார் எழுதியது என்று பெயர் இருக்காது, ஆனால் உலகத்துக்கே புத்தி சொல்லும். மாவட்டப் பக்கம் வயிறு. எங்கள் பகுதியில் முட்டை விலை, மரவள்ளி விலை, யாருடைய கிணற்றில் யாருடைய மாடு விழுந்தது, எல்லாம் அங்கேதான். கடைசிப் பக்கம் விளையாட்டு. பாதி வாசகர்கள் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள்.

இரண்டாம் பக்கத்தின் கீழ்மூலையில், வானிலைக்கும் அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் உண்டு. அதன் பெயர் ‘திருத்தம்’. மேச்சேரி ஆட்டுச் சந்தைப் படத்துக்கு மணிவிழாத் தம்பதியின் குறிப்பும், தம்பதியின் படத்துக்கு ‘நல்ல எடை, திடமான கால்கள்’ என்ற குறிப்பும் போய்விட்ட மறுநாள், நாங்கள் அந்தக் கட்டத்துக்குள்தான் பதுங்கினோம்.

சேலம் பதிப்பில் அந்தக் கட்டத்துக்கு நான் பொறுப்பு. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடியில் இருந்தது அலுவலகம். துணை ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், ‘புதுசா வந்த பொண்ணு, கோபமாப் பேசறவங்களச் சமாளிக்கட்டும்’ என்று கொடுத்த வேலை. பதினெட்டு வருடமாகியும் என்னைவிடப் புதிதாக யாரும் அகப்படவில்லை.

அந்த அம்மாவின் வழக்கு

பெயர் சம்பூர்ணம். அறுபது வயது இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வண்டி ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் நிற்கும். வண்டிக்கு வேண்டியதையெல்லாம் வீட்டிலிருந்தே போனில் நடத்துவது இந்த அம்மா. இந்தி யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டேன். “படிக்கலீங்க. வைஞ்சு வைஞ்சு வந்துருச்சு” என்றார்.

பத்திரிகையைப் பிரித்து, பொடி எழுத்தில் எண்களாக நிறைந்திருந்த ஒரு பக்கத்தைக் காட்டினார். பிளஸ் டூ தேர்வு முடிவு. இப்போதுபோல் செல்போனில் மதிப்பெண் வந்து விழாத காலம். தேறியவர்களின் பதிவு எண்களை மட்டும் வரிசையாகப் பத்திரிகையில் போடுவார்கள். எண் இருந்தால் பாஸ். இல்லையென்றால் இல்லை.

ஓர் இடத்தில் பென்சிலால் சின்ன அம்புக்குறி. அந்த வரி 639-இல் முடிந்தது. அடுத்த வரி 653-இல் தொடங்கியது. முன்னால் வரும் இலக்கங்களை விட்டுவிடுகிறேன்.

“என்ற நம்பரு அறுநூத்தி நாப்பத்தி ஏழுங்க” என்றார் சம்பூர்ணம்.

“நீங்க... பாஸாகலைங்களா?”

“பாஸுங்க! கணக்குல பள்ளிக்கூடத்துலயே மொத மார்க்கு. ரெண்டு வாரங்கழிச்சு மார்க் சீட்டு வந்துச்சு. அதுக்குள்ள எங்கய்யன் கலியாணத்துக்கு வாக்குக் குடுத்துப்போட்டாரு.”

சேலத்தில் காலேஜில் சேர வேண்டும், கணக்கு டீச்சராக வேண்டும் என்று இருந்திருக்கிறார். மார்க் சீட்டைக் கொண்டுபோய் அய்யனிடம் காட்டியிருக்கிறார். அய்யன் நாச்சிமுத்து அதைத் தொடக்கூட இல்லையாம்.

“‘மார்க் சீட்டு பள்ளிக்கூடத்துக்காரன் ஒருத்தன் எழுதிக் குடுக்கறது. பேப்பரு ஊருக்கே பொதுவா வாரது. பேப்பர்ல வரலீயே சாமி’ன்னுட்டாரு. அவுருக்கு உங்க பேப்பருன்னா வேத வாக்குங்க. இன்னிக்கும் காலேஜு பேச்செடுத்தா அதேதான், ‘பேப்பர்ல வரலீயே’.”

“அப்பா இருக்காருங்களா?”

“நல்லா இருக்கறாருங்க. எம்பத்தெட்டு. பல்லுத்தான் இல்ல, வாய் இருக்குது.”

“இத்தனை வருஷமா எங்க பேப்பரைத்தான் வாங்கறீங்களா?”

“வாங்குனாத்தானுங்க வைய முடியும்?”

ஏழு நாள் விதி

எங்கள் செய்தி ஆசிரியர் நடராஜன் சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் மறுக்கப்போகிறார் என்று பொருள்.

“திருத்தம் ஏழு நாளைக்குள்ள கேட்கணும். விதி இருக்கு.”

“அவங்க கொஞ்சம் தாமதமா வந்திருக்காங்க சார்.”

“கொஞ்சமா? நாற்பது வருஷம்மா! இதைப் போட்டா நாளைக்கு இன்னொருத்தர் வருவார், என் ஜாதகப் பலன் பலிக்கலைன்னு. பத்திரிகை முழுக்கத் திருத்தம்தான் போடணும். வேணும்னா இணையதளத்தில் ஒரு ஓரமாப் போட்டுடலாம்.”

வெளியே வந்து அதைச் சொன்னேன். சம்பூர்ணம் யோசிக்கவே இல்லை. “கரண்டு போனாப் போயிருமுங்களே” என்றார். எக்ஸ்ரே கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாடிப்படி வரை போனவர் திரும்பி, “நெசமா உங்க தப்புத்தானான்னு ரோசனையா இருந்தா, பாத்துட்டே சொல்லுங்க. நான் பொய் சொல்லலீங்க” என்றார். வைதிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் தலைமை அலுவலக நூலகருக்குப் போன் செய்தேன். சென்னையில் பழைய இதழ்களை மாதம் மாதமாகப் பைண்டு செய்து அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு அவர்தான் ராஜா. பாதி நாள் தும்மிக்கொண்டே பேசுவார். தேதியைச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். 639-க்கும் 653-க்கும் நடுவில் ஒரு முழு வரி இருந்தது. 641, 643, 644, 647, 648, 652.

ஒன்றும் புரியவில்லை. அதே தேதி, அதே பக்கம். அந்த அம்மாவிடம் இருப்பதில் அந்த வரி இல்லை, நூலகத்தில் இருப்பதில் இருக்கிறது. மறுபடியும் போன் செய்தேன்.

நூலகர் இரண்டு தும்மல் தும்மிவிட்டு விளக்கினார். அந்தக் காலத்தில் வெளியூர்ப் பதிப்பு முதலில் அச்சாகி ரயிலேறிவிடும். நகரப் பதிப்பு பிறகு அச்சாகும். நடுவில் கண்ணில் படும் தப்புகளை நகரப் பதிப்பில் சரிசெய்வார்கள். நூலகத்துக்குப் போவது நகரப் பதிப்பு.

“அப்படின்னா அந்த வரி விட்டுப்போனது அன்னிக்கே நம்ம ஆளுங்களுக்குத் தெரியும்?”

“தெரிஞ்சுதானே சேர்த்திருக்காங்க.”

“வெளியூர்க்காரங்களுக்கு மறுநாள் சொன்னாங்களா?”

அடுத்த ஒரு வாரத்து இதழ்களையும் அவர் புரட்டிப் பார்த்தார். பதில் வர முக்கால் மணி நேரமாயிற்று. “சொல்லலை” என்றார். தும்மவில்லை.

சம்பூர்ணம் வந்த அன்றே என் போனில் எடுத்து வைத்திருந்த படத்தையும் நூலகர் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடராஜன் சாரிடம் காட்டினேன். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். நெடுநேரம் பார்த்தார். “ஆறு பேர்” என்றார். பிறகு சென்னைக்கு அவரே போன் செய்து, ஆசிரியரிடம் பேசி, ஒப்புதல் வாங்கிவிட்டார். வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில், படம் கிடம் இல்லாமல் போட வேண்டும் என்று உத்தரவு.

நான் ஐந்து வரி எழுதினேன். இத்தனையாம் ஆண்டு தேர்வு முடிவில், வெளியூர்ப் பதிப்பில், கீழ்க்கண்ட ஆறு எண்கள் விடுபட்டன, தாமதத்துக்கும் தவறுக்கும் வருந்துகிறோம். ‘வருந்துகிறோம்’ போதுமா, ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று போடலாமா என்று நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் வாதாடினோம். ‘மிகவும்’ ஜெயித்தது.

மடித்தது மடித்தபடி

சம்பூர்ணத்துக்குப் போன் செய்து எந்த நாள் வருகிறது என்று சொன்னேன்.

“அம்மிணி, நீங்க அன்னிக்கு இங்க வாரீங்களா? வெள்ளனே வந்துருங்க. நான் பேப்பரப் பிரிக்க மாட்டேன். மடிச்சது மடிச்சபடியே கெடக்கட்டும். எங்கய்யன்தான் மொதல்ல படிக்கோணும். கூட நீங்க இருக்கோணும். இல்லாட்டி நானே அச்சடிச்சதும்பாரு.”

போனேன். ரோட்டிலிருந்து சோளக்காட்டுக்குள் அரை கிலோமீட்டர் உள்ளே வீடு. வாசலில் பழுதுபார்க்க வந்த ரிக் லாரி ஒன்று, வீட்டைவிட உயரமாக நின்றுகொண்டிருந்தது. போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர், சட்டை போடாமல், தோளில் துண்டோடு.

“ஏஞ்சாமி, பேப்பரு வந்துருச்சா இல்லியா? மூணு மட்டம் கேட்டுட்டேன்” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் பட்டுச்சேலை கட்டியிருந்தார். “வாங்க அம்மிணி” என்று என்னை உட்கார வைத்தார். “ஏனுங்கய்யா, இவங்க பேப்பர் ஆபீசுல இருந்து வந்திருக்கறாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டோணுமாம்.”

பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து என்னைக் கும்பிட்டார். எங்கள் பத்திரிகைக்கு இப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது.

டி.வி.க்கு அடியிலிருந்து மடித்த பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு, சம்பூர்ணம் காபி வைக்க உள்ளே போனார். அடுப்படிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் இரண்டாம் பக்கத்தைப் பிரித்து, கட்டத்தைக் காட்டினேன். பெரியவர் பூதக்கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“...கீழ்க்கண்ட எண்கள்... விடுபட்டன. அறுநூத்தி நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி மூணு. நாப்பத்தி நாலு. நாப்பத்தி...”

நின்றார். பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் ஆட்டினார்.

“நம்பரு தப்பு” என்றார்.

“என்னங்க தப்பு?”

“நாப்பத்தி ஆறுன்னு போட்டிருக்குது. நம்ம புள்ளையுது நாப்பத்தி ஏழு. நாப்பத்தி ஆறு சம்பத்து. நம்மூர்ப் பையந்தான். அவன் நெசமாலுமே பெயிலு.”

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 641, 643, 644, 646. ‘மிகவும்’ வேண்டுமா வேண்டாமா என்று அரை மணி நேரம் வாதாடிய இரண்டு பேரும் எண்களைச் சரிபார்க்கவில்லை. தட்டச்சு செய்தது நான். அந்த ரிக் லாரியை அப்படியே என் தலையில் ஏற்றினாலும் தகும் என்று தோன்றியது.

“அம்மா, மன்னிச்சுக்கங்க...” என்று தொடங்கினேன்.

சம்பூர்ணம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஏனுங்கய்யா, என்ற நம்பரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பெரியவர் பூதக்கண்ணாடியை மடியில் வைத்தார்.

“நாப்பது வருசமாச்சு. எனக்கே என்ற நம்பரு சில நாளு மறந்து போவுது. சம்பத்து நம்பரு வரைக்கும் சொல்றீங்க?”

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டது. யாரும் போகவில்லை.

“ரிசல்ட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலம் திருச்செங்கோடு போனேன்” என்றார் பெரியவர். “நம்ம புள்ள பெயிலாகாதேன்னு மனசு கேக்கல. கடையில வேற ஒரு பேப்பர வாங்கிப் பாத்தேன். அதுல இருந்துச்சு. நாப்பத்தி ஏழு. சம்பத்து இல்லாததையும் பாத்தேன்.”

“அன்னிக்கேவா?”

“அன்னிக்கேதான். மக்யா நாளு மாப்பிள்ள ஊட்டுல இருந்து வாரேன்னு சொல்லியிருந்தாங்க. நீ பாஸுன்னு தெரிஞ்சா சேலத்துக்குப் போவே. போனா இந்தப் பக்கம் திரும்ப மாட்டீன்னு பயந்துக்கிட்டேன். அந்தப் பேப்பர மலையடிவாரத்துலயே போட்டுட்டு வந்துட்டேன்.”

சம்பூர்ணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் பேசியபோது குரல் போனில் ராஜஸ்தானுக்குப் பேசும் குரலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு கறார்.

“பாத்தீங்களா அம்மிணி. வருசக்கணக்கா உங்கள வைஞ்சுட்டே இருந்தேன். திருத்தம் நீங்க போட வேண்டியதில்லீங்க. இவரு போடோணும்.”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எண்பத்தெட்டு வயதில், அந்நியப் பெண் ஒருத்தியின் முன்னால், அது லேசான காரியமாக இருந்திருக்காது.

“நீ பாஸாயிட்டே சாமி” என்றார். “நாந்தான் மறச்சுப்போட்டேன். தப்பு என்றதுதான்.”

சம்பூர்ணம் உள்ளே போனார். பாத்திரங்கள் தேவைக்கு மேலேயே சத்தம் போட்டன. எனக்குக் காபி வந்தது. பெரியவருக்கு வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நான் பாதி குடித்த பிறகு அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பேசாமல் முழுவதையும் குடித்து முடித்தார். சர்க்கரை போடவில்லை என்று பிறகு சம்பூர்ணமே என்னிடம் சொன்னார்.

நாற்பத்தி ஆறு

கிளம்பும்போது, “நாளைக்கே சரியான நம்பரைப் போட்டுடறேன்மா. சம்பத் நம்பரைத் தப்பாப் போட்டதையும் சொல்லி, எடுத்துடறேன்” என்றேன்.

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்தார். எனக்கே கேட்கும்படி ஓர் ஆண் குரல் கத்தியது.

“சம்பூர்ணம்! பேப்பர் பாத்தியா? ரெண்டாம் பக்கம்! நான் பாஸாயிருக்கறேன்! அன்னிக்கு அவனுக நம்பர உட்டுப்போட்டானுகளாம். பேரனுக்குக் காட்டீட்டேன், ஊட்டுக்காரிக்குக் காட்டீட்டேன். எங்கம்மா போட்டோகிட்ட வெச்சுட்டேன். மிகவும் வருந்துகிறோம்னு போட்டிருக்கறானுக, மிகவும்!”

சம்பூர்ணம் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“ஆமா சம்பத்து” என்றார் அவர். “பேப்பர்லயே வந்துருச்சில்ல.”

போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அம்மிணி, என்ற நம்பர மட்டும் சேத்துப்போடுங்க. அவனுத எடுத்துப்போடாதீங்க. மனசு ஒடஞ்சிருவான்.”

அலுவலகத்துக்கு வந்து நடந்ததையெல்லாம் நடராஜன் சாரிடம் சொன்னேன். எண் மாறியதற்கு வாங்க வேண்டிய திட்டை முழுதாக வாங்கிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து மறுநாளைய கட்டத்தை எழுதினேன். ‘நேற்று வெளியான திருத்தத்தில் 647 என்ற எண் விடுபட்டுவிட்டது. மிகவும் வருந்துகிறோம்.’ இந்த முறை எண்ணை ஐந்து தடவை பார்த்தேன்.

நடராஜன் சார் ஆறாவது தடவை பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“சரி, அந்த 646?”

“அதைப் பற்றி வாசகர் யாரும் புகார் சொல்லலை சார்” என்றேன்.

கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.